வாசல் உருளியில் நெளிந்தது

மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் எனக்கு ஷிப்ட் வேலை. வீடு திரும்பி, வாசல் உருளியில் மிதக்கும் சாமந்தியைப் பார்த்த பிறகுதான் மூச்சே வரும். அசதியில், வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூவைப் போடுவேன்; தண்ணீரை மாற்ற மாட்டேன்.

கணவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா உருளியைக் குனிந்து பார்த்தார்.

"இங்க பாரும்மா, கொசுப்புழு நெளியுது!"

உடனே கணவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சல் இல்லை.

"இனிமே பூவே வேணாம்" என்றேன்.

"இருக்கட்டும் லா. வேலை விட்டு வந்து நீ சிரிக்கிறதே அதைப் பார்த்துதான்" என்றார் கணவர்.

இப்போதெல்லாம் எவ்வளவு களைத்து வந்தாலும், பையை வைத்ததும் உருளியைத் தேய்த்துக் கழுவுகிறேன். சிரிப்பதற்கு முன் அதுவும் ஒரு வேலை.