லாரியில் வந்த ஆடுகள்

இருளப்பசாமி ஆட்டைக் கண்ணால் பார்த்து விலை சொல்ல மாட்டார். தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். முதுகெலும்பில் கட்டைவிரலை ஓட்டினால் எத்தனை கிலோ கறி நிற்கும் என்று தெரிந்துவிடும். அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தால் சினையா இல்லையா என்று தெரிந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில், நூல் மில்லைத் தாண்டி அவருடைய கறிக்கடை. கடை போட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. அத்தனை வருடத்தில் ஒரு சினையாட்டைக்கூட அவர் வெட்டியதில்லை. பாவ புண்ணியம் பார்த்து அல்ல. "சினையாட்ட வெட்டுனா இன்னைக்கிக் கறி வரும். அடுத்த வருசக் கறி போயிரும்," என்பார்.

ஆடு அவருக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து வரும். அங்கே சந்தனம் என்பவர் நூற்றிருபது செம்மறி வைத்திருந்தார். வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த ஆடுகள். அறுவடை முடிந்த வயல்களில் ராத்தங்கலுக்குக் கிடை போடுவார். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வாரத்துக்கு நான்கைந்து கிடாயை இருளப்பசாமிக்குக் கொடுப்பார். இருவருக்கும் நடுவில் தரகர் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் விலை ஏற ஆரம்பித்தது. எழுநூற்றைம்பதுக்கு விற்ற கிலோ கறி எண்ணூற்றைம்பதானது, பிறகு தொள்ளாயிரம். போன பங்குனியில் ஆயிரத்தைத் தொட்டது. வெளியூர் வியாபாரிகள் வண்டியோடு வந்து சந்தையை மொத்தமாக வளைத்தார்கள். கறிக்காரனுக்கு யோகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருளப்பசாமிக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. கறி விலையைவிட உயிராட்டு விலை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் வாடிக்கை கரைந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் தூக்குச்சட்டியோடு நிற்கும் மில் ஆட்கள் எதிர்ச்சாரியில் இருந்த பிராய்லர் கடைக்குப் போனார்கள். போகும்போது இவர் கடைப் பக்கம் திரும்பாமல் போனார்கள்.

கிருபாபாய் டீச்சர் மட்டும் வந்துகொண்டிருந்தார். ரிட்டையர் ஆன பள்ளிக்கூட டீச்சர். ஞாயிறு ஆராதனை முடிந்து நேராகக் கடைக்கு வருவார். ஒரு கிலோ வாங்கியவர் அரைக் கிலோவுக்கு வந்தார், அப்புறம் காலுக்கு. ஒரு நாள், "வெறும் எலும்பு மட்டும் போடுங்க அண்ணாச்சி, ரசம் வைக்க," என்றார். இருளப்பசாமி கட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் கேட்டார்.

"வாங்கத்தான் ஆளில்லையே. பொறவு ஏன் வெலை எறங்க மாட்டேங்குது?"

இருளப்பசாமி கத்தியைத் துடைத்தபடி சொன்னார். "வாங்குறவிய கொறையிறதவிட வேகமா ஆடு கொறையுது டீச்சரம்மா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவரையே பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் போனார்.

கிடையை நெருங்கும்போதே ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. சற்று நேரம் நின்ற பிறகுதான் என்னவென்று புரிந்தது. குட்டிகளின் சத்தம் இல்லை. எப்போது வந்தாலும் நாலாபக்கமும் கத்திக்கொண்டு தாயைத் தேடி ஓடும் குட்டிகள் அன்று ஒன்றுகூட இல்லை. பெரிய ஆடுகள் மட்டும் தலையைத் தொங்கப்போட்டு வெயிலில் நின்றன. எண்ணினார். ஐம்பத்தெட்டு.

"மத்ததெல்லாம் எங்கடே?"

சந்தனம் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். நாற்பது வயதுக்காரர், வெயிலில் கறுத்து மெலிந்த ஆள். "குடுத்துட்டேன் அண்ணாச்சி. மூணு மாசக் குட்டிக்கு, எட்டு மாசக் கிடாய்க்குக் குடுக்குற வெலைய யாவாரி குடுக்கான். பொறவு எதுக்கு வச்சு மேய்க்கணும்?"

"பொட்டக்குட்டியுமா?"

"அதுவுந்தான்."

"ஏலே, பொட்டக்குட்டிய வித்தா அடுத்த வருசம் எது குட்டி போடும்?"

சந்தனம் மேற்கே கையைக் காட்டினார். மலையடி வரை தரிசாகக் கிடந்த இடத்தில் கல் நட்டு, கயிறு கட்டி, பிளாட் போட்டிருந்தார்கள். "மேய்க்கிறதுக்கு எங்க அண்ணாச்சி எடம் இருக்கு? தோப்புக்காரவிய கிடை வேண்டாங்காவ. எம்மக மாரிச்செல்விய நர்சிங்ல சேத்திருக்கேன். வெலை இருக்கும்போதே வித்துறணும். நாளைக்கி என்ன ஆகும்னு எவனுக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. இருளப்பசாமி வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும் வழியில் வேறு இரண்டு கிடைகளைக் கண்டார். அங்கேயும் குட்டிச் சத்தம் இல்லை.

சித்திரையில் ஒரு காதுகுத்து ஆர்டர் வந்தது. மில் காண்ட்ராக்டர் வீட்டு விசேஷம், எண்பது கிலோ கறி. நான்கு மாதமாகச் சின்ன வியாபாரம் மட்டுமே பார்த்தவருக்கு அதை விட மனசில்லை. சந்தையில் இரண்டு கிடாய்தான் கிடைத்தது. மிச்சத்துக்குச் சந்தனத்திடம் போனார். அவரிடமும் கிடாய் இல்லை; பெட்டை ஆட்டைத்தான் பிடித்துக் கொடுத்தார்.

இருளப்பசாமி ஒவ்வொன்றின் முதுகிலும் விரலை ஓட்டினார். அடிவயிற்றுப் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை. சந்தனம் அதைக் கவனித்தார். இருவரும் சேர்ந்து ஆடுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள்.

மறுநாள் விடிந்து கடைக்குப் பின்னால் உரித்துக்கொண்டிருந்தபோது, நான்காவது ஆட்டின் வயிற்றுக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் வந்தன. ரோமம் முளைத்து, குளம்பு கட்டி, கண் மட்டும் திறக்காத குட்டிகள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் பிறந்திருக்கும். குடல் அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி சுடலைமாடத்தி எழுந்து வந்து பார்த்தாள்.

"ஒங்க கைக்குத் தெரியலையா?"

"தொட்டுப் பாக்கல."

"ஏன்?"

"தொட்டா தெரிஞ்சிருமே."

அவள் பழைய சாக்கொன்றைக் கொண்டுவந்து இரண்டையும் சுற்றி, கருவேல மரத்தடியில் தானே குழி தோண்டிப் புதைத்தாள். எண்பது கிலோவும் சொன்ன நேரத்துக்குப் பந்திக்குப் போனது. கறி பஞ்சு மாதிரி இருந்தது என்று காண்ட்ராக்டர் போன் போட்டுச் சொன்னார்.

ஆனியில் சந்தைக்கு ஆடே வரவில்லை. அந்த வாரம் ஒரு தரகர் இருளப்பசாமியைத் தேடி வந்தார். வடக்கேயிருந்து லாரியில் ஆடு இறங்குகிறது, உள்ளூர் விலையைவிடக் கிலோவுக்கு நூறு ரூபாய் குறைச்சல் என்றார். இருளப்பசாமி பன்னிரண்டு ஆடு எடுத்தார். நெட்டையான, காது தொங்கிய ஆடுகள். மூன்று நாள் லாரியில் நின்றே வந்ததில் வயிறு ஒட்டிக் கிடந்தன. ஒன்றிரண்டு தும்மின. பயண அலுப்பு என்றார் தரகர்.

கடைக்குப் பின்னால் எட்டு ஆடுதான் கட்ட முடியும். மிச்ச நான்கையும் வண்டியில் ஏற்றி, சந்தனத்தின் கிடையில் கொண்டு விட்டார்.

"ஒரு வாரம் நிக்கட்டும். கொஞ்சம் சதை புடிக்கட்டும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, கெடக்கட்டும்," என்றார் சந்தனம். புது ஆடுகளை மற்ற ஆடுகளோடு சேர்த்துத் தண்ணீர் காட்டினார்.

ஐந்தாம் நாள் சந்தனம் போன் செய்தார். லாரியாடு ஒன்று செத்துவிட்டது. மற்றவற்றுக்கு மூக்கில் சளி கட்டியிருக்கிறது. ஏழாம் நாள் அவருடைய ஆடுகள் தீவனத்தைத் தொடவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் புண். கண் பீளை தள்ளி, தண்ணீராகக் கழிந்தன. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆட்டுக்கொல்லி நோய் என்றார். மனுசனுக்குத் தொற்றாது, ஆனால் கிடைக்குள் புகுந்தால் இப்படித்தான் என்றார். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். பழைய ஆடுகள் சிலவற்றுக்குத்தான் போட்டிருந்தது.

தினமும் மூன்று, நான்கு என்று விழுந்தன. சந்தனமும் இருளப்பசாமியும் வரப்போரம் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். ஒரு மத்தியானம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இருளப்பசாமி சொன்னார்.

"நான் கொண்டாந்து விட்டது சந்தனம். நாந்தான் கொண்டாந்து விட்டேன்."

சந்தனம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "வாங்கிச் சேத்தவன் நானு. ஒங்கள மட்டும் சொல்லி என்ன செய்ய?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இருளப்பசாமிக்குப் பட்டது.

சேதி வத்திராயிருப்பு வரைக்கும் பரவியது. பரவும்போது உருமாறியது. ஆட்டுக்கறி தின்றால் வாய் வெந்துபோகும் என்று யாரோ போனில் அனுப்பினார்கள். ஊரே கறியைத் தொடவில்லை. இத்தனை வருடம் ஏறிக்கொண்டே வந்த விலை பத்தே நாளில் பாதியானது. பிழைத்து நின்ற பதினொன்றை விற்க முயன்றபோது, சந்தனத்திடம் வியாபாரிகள் விலைகூடச் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கிருபாபாய் டீச்சர் கடை வாசலில் நின்று, "எனக்குப் பயமில்ல அண்ணாச்சி, ஆனா மக திங்கக்கூடாதுங்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதத்தில் பயம் தெளிந்தது. தீபாவளி நெருங்கியதும் கறிக்கு ஆள் வந்தது. விலை பழைய இடத்துக்கு ஏறி, அதையும் தாண்டியது. இந்தத் தடவை அந்த விலைக்குக் கொடுக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆடில்லை.

இருளப்பசாமி சுந்தரபாண்டியம் போனார். பதினொன்றையும் விற்க வேண்டாம், குட்டி போடட்டும், அதுவரை தீவனத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லத்தான் போனார். வயலில் கிடை இல்லை. கிடைக்குக் கட்டும் வலையைச் சுருட்டி வரப்பில் வைத்திருந்தார்கள். சந்தனத்தின் மனைவி வந்து, முந்தாநாளே வியாபாரி வண்டியில் ஏற்றிவிட்டோம் என்றாள். சந்தனம் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டாராம்.

"கைலி கட்டிட்டு நின்னவியளுக்கு இப்ப பேன்ட்டு, ஷூ எல்லாம் குடுத்திருக்காவ," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு இருளப்பசாமி கடையைத் திறந்தார். இரண்டே ஆடு. எட்டு மணிக்குள் தீர்ந்துவிட்டது. கடை வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள்.

இப்போது கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆடு லாரியில்தான் வருகிறது. இறங்கியதும் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பதினைந்து நாள் தனியாகக் கட்டிப் போடுகிறார். டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடுகிறார். அந்த நோய் இனி எந்தக் கிடைக்கும் தன்னால் போகக்கூடாது என்று நினைக்கிறார். கொட்டகையைச் சுற்றி நாலு மைலுக்கு இப்போது கிடை எதுவும் இல்லை.

போன வாரம் தரகர் பொங்கலுக்கு எத்தனை வேண்டும் என்று போனில் கேட்டார்.

"வெலை என்னய்யா?"

"இப்பச் சொல்ல முடியாது அண்ணாச்சி. அங்கயும் ஆடு கொறஞ்சு போச்சாம். குட்டியாத்தான் ஏத்துதாங்க. எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

சுடலைமாடத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தரகர் இரண்டு தரம் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்.

"பத்து," என்றார் இருளப்பசாமி.