நாத்தனாருக்கு ஒரு பதில் புகார்

எல்லோருக்கும் அவள் பொம்மைக்காரி. பகலில் துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டைகளுக்குக் கீழ்மடிப்புத் தைப்பாள். வீட்டுக்கு வந்ததும் வெட்டுத்துணியில் பொம்மை செய்வதைப் படம்பிடித்து இணையத்தில் போடுவாள். பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவள் வயதுப் பெண்கள். காதுக்கு எந்தத் தையல், கண்ணுக்கு எந்தப் பொத்தான் என்று ஆரம்பித்து, கருத்துப் பெட்டியில் ஊர்க்கதை முழுக்கப் பேசுவார்கள். கணவனிடம் சொல்லாததைக்கூட அவள் அங்கே சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் புது விதி வந்தது. குழந்தைகளுக்கான வீடியோ என்றால் கருத்துப் பெட்டி கிடையாது. எது குழந்தைகளுக்கானது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பொம்மை குழந்தைக்கு, தையல்? வீடியோத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் 'விதிகளைப் படிக்கவும்' என்றே பதில். துணிந்து, தன் வீடியோக்களைப் பெரியவர்களுக்கு என்று குறித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாக் கருத்துப் பெட்டிகளும் மூடப்பட்டன. பேசிய பேச்செல்லாம் அழிந்தது. நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தில், யாரோ கொடுத்த புகாரின் ஒரு வரி இருந்தது: 'இது பிள்ளை பிடிக்கிற வேலை.' கடிதத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிறன்று கணவனின் தங்கை வந்தாள். தன் ஆறு வயது மகள் விளையாட்டுச் சாமான்களைப் பிரித்துக் காட்டுவதை வீடியோவாகப் போடுபவள்.

"பாவம் அண்ணி நீங்க. பிள்ளை பிடிக்கிற வேலைன்னு எவனோ எழுதிட்டானாமே!"

பொம்மைக்காரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்தபடி தேநீரை நீட்டினாள்.

"ஆமாம்மா. எவனோ."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் நாத்தனாரின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தாள். சீருடையில் பள்ளிப் பெயர் தெரிந்த இடம், வாசலில் வீட்டு எண் தெரிந்த இடம், "அழாதடி, மறுபடி சிரி" என்று தாயின் குரல் கேட்ட இடம். நிமிடம், நொடி வாரியாக எழுதினாள். இரண்டு வாரத்தில் பதினோரு பக்கம். நிறுவனத்துக்குப் புகாராக அனுப்பினாள்.

நான்காம் நாள் நாத்தனாரின் சேனலே காணாமல்போனது.

"வயித்துல அடிச்சிட்டீங்களே அண்ணி!" என்று வாசலில் நின்று கத்தினாள்.

"விதியைப் படிச்சுப் பாரும்மா."

அன்று கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "குழந்தைக்காகத்தானே செஞ்சே?"

"இல்லைங்க. எனக்காக. அதுக்கும் நல்லது நடந்தா நடக்கட்டும்."

அவளுடைய கருத்துப் பெட்டிகள் திரும்பத் திறக்கவே இல்லை. அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

சில மாதங்கள் கழித்து மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மருத்துவமனை வராந்தாவில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார்தான் முதலில் கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் தூக்கம் வருதா அண்ணி?"

"படுத்ததும் வந்துடுதும்மா" என்றாள் பொம்மைக்காரி.