தும்பு பற்றாத மாலை

1. கொடுத்த வாக்கு

"சேர், இருட்டிட்டா யோசிக்காதீங்க. நம்மட நெருப்பு தெரியும். அதப் பாத்து நேரா வாங்க."

கயாக் தோணியில் ஏறிய கெஸ்ட் ஒருவரிடம் நான் இப்படிச் சொன்னேன். ஆலங்குடாவில் ஒரு கேம்பிங் இடத்தில் எட்டு வருடமாக எனக்குச் சமையல் வேலை. அடுப்பும் நெருப்பும் என் பொறுப்பு. அன்று கண்டியிலிருந்து வந்த ஒரு டீச்சரையும் அவர் கணவரையும் கடல்நீர் தேங்கி நிற்கும் களப்பின் நடுவே இருக்கும் மணல் திட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். எங்களை இறக்கிவிட்ட படகு காலையில்தான் திரும்பி வரும்.

கயாக்கில் தனியாகப் போன சேர் அந்தக் கணவர்தான். பின்னேரம் காற்று கூடியது. பொழுது பட்டும் கயாக்கைக் காணவில்லை. சேரின் போன் கூடாரத்திலேயே கிடந்தது. படகோட்டிக்கு என் போனில் கோல் எடுத்தேன். வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார். டோர்ச் அடித்துப் பயனில்லை. கரையோரம் முழுக்க விளக்குகள் மினுங்கும்போது எது எங்கள் டோர்ச் என்று சேருக்கு எப்படித் தெரியும்?

2. முதலாளியின் 'நேச்சுரல்'

வழக்கமாக நெருப்பு மூட்ட நான் முட்டை அட்டையில் மரத்தூளை நிரப்பி, மெழுகு உருக்கி ஊற்றி வைப்பேன். ஒரு குழி போதும், அடாத காற்றிலும் எரியும். அந்த வாரம் முதலாளி குறுக்கே வந்தார்.

"மெழுகெல்லாம் என்னத்துக்கு? கெஸ்ட்மாருக்கு எல்லாம் நேச்சுரலா இரிக்கோணும்."

எனக்கும் மெழுகு உருக்கப் பஞ்சி, சோம்பல்தான். தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு எடுக்கும் இடத்தில் ஒரு பை தும்பு கேட்டு வாங்கி உருண்டைகளாக உருட்டினேன். மத்தியானம் முற்றத்தில் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன். பஞ்சு போலப் பற்றியது. முதலாளிக்கு ஒரே சந்தோசம்.

திட்டில் அது பற்றவில்லை. லைட்டரைப் பிடித்தால் ஓரம் கருகும், புகையும், அணையும். தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது. களப்பின் உப்புத் தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையின் தும்பு அது. உப்பு ஏறிய தும்பு வெயிலில் காய்ந்ததாகத்தான் தெரியும். பொழுது பட்டதும் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மன்னாரிலிருந்து வந்து தில்லையடியில் குடியிருந்த காலத்தில் நான் பன்னிரண்டு வருடம் உப்பளத்தில் வேலை செய்தவன். எனக்கா இது தெரியாது? என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"நானா, பத்துதா?" என்று டீச்சர் கேட்டார். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்பார்கள்.

"இந்தா, இப்ப பத்தும்."

இதையே நாலைந்து தரம் சொன்னேன். வாய் கிழியப் பேசிவிட்டு, பற்றவில்லை என்று சொல்ல வெட்கம். கால் மணித்தியாலம் அப்படியே போனது. லைட்டரும் சூடேறி விரலைச் சுட்டது. டீச்சர் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்று கணவரின் பெயரைக் கூப்பிடத் தொடங்கினார். அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"டீச்சர், இது பத்தாது. நான் பிழையான சாமான் கொண்டு வந்துட்டன். எண்ணெப் பசையா உங்கட்ட ஏதும் இரிக்கா?"

அவர் என்னைத் திட்டவில்லை. ஓடிப்போய்ப் பையைத் தலைகீழாகக் கொட்டினார். கிறீம், பேரீச்சம்பழம், சிலாபத்தில் வாங்கிய மரவள்ளிச் சிப்ஸ் பக்கெட் ஒன்று.

சிப்ஸைக் கண்டதும் உயிர் வந்தது. பொரிக்கும்போது அடுப்பில் விழுந்த துண்டு எப்படி எரியும் என்று சமையல்காரனுக்குத் தெரியும். ஐஸ் பெட்டியைக் காற்றுக்கு மறைவாக வைத்து, ஒரு சிப்ஸில் லைட்டரைப் பிடித்தேன். திரி மாதிரி நின்று எரிந்தது. அதை மற்றச் சிப்ஸுக்குள் செருகி, மேலே தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளை அடுக்கினேன். சிரட்டை பிடித்ததும் தென்னம்மட்டை. நெருப்பு என் தலைக்கு மேலே எழுந்தது.

கொஞ்ச நேரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்காத திசையிலிருந்து குரல் கேட்டது.

"ஓய்! வாறன்!"

அல்ஹம்துலில்லாஹ் என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். படகோட்டிக்குக் கோல் எடுத்து, ஆள் வந்துவிட்டார் என்றேன். டீச்சர் அழுதுகொண்டே, கரையேறிய கணவரை ஏசினார். அவர் நெருப்பில் குளிர் காய்ந்தபடி சிரித்தார்.

3. படித்தது

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நெருப்பு மூட்டும் சாமானை மத்தியான வெயிலில் சோதிக்காதீர்கள். பொழுது பட்டபின் களப்போரம் கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். பற்றாவிட்டால் அதை உடனே சொல்லிவிடுங்கள். நான் வெட்கப்பட்ட அந்தக் கால் மணித்தியாலமும் அந்த மனிதர், இல்லாத நெருப்பைத் தேடித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.