ஒட்ட மறுத்த இரும்புக் கட்டை

துறைமுகப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபின் படகு எஞ்சின் சாமான்கள் கடையும் சிறிய லேத் பட்டறை ஒன்றில் அளவு பார்க்கப் போனேன். அங்கே என் பொறுப்பில் ஒரு மரப்பெட்டி. அதில் எண்பத்தேழு ஸ்லிப் கேஜ்கள், அதாவது அளவு பிசகாத எஃகுக் கட்டைகள். இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தித் திருகினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கட்டையின் முகத்தில் பழுதில்லை என்று அர்த்தம். காலையில் எண்ணுவேன், மாலையில் எண்ணுவேன். இரண்டு வேளையும் பத்து மில்லிமீட்டர் கட்டையை இன்னொன்றோடு ஒட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் காலை அது ஒட்டவில்லை.

பட்டறையில் லேத் ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான், பெரியதாழை ஊர்க்காரன். அவனைத்தான் சந்தேகப்பட்டேன். பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

"பெட்டிய நான் தொட்டதே இல்ல, அண்ணாச்சி."

"அப்ப தானா கெட்டுப் போச்சோ?"

"நாளைக்கி எம் விரலையும் எண்ணிப் பாப்பீயளோ?" என்று ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனான். லேத் நின்றது.

குற்றத்தை நிரூபிக்கவே கட்டையைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அம்மாள் நுண்ணிய ஊசியால் அதன் முகத்தைத் தடவி, கணினியில் படம் காட்டினார். வழவழப்பான எஃகு மலைத்தொடர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மேடும் தலைமுடித் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சிகரங்கள் மட்டும் சப்பையாகியிருந்தன.

"முரட்டுக் கை பட்டிருந்தா கீறல் விழுந்திருக்கும் சார். இங்க கீறலே இல்ல. ரெண்டு கட்டை சேரும்போது மேடுகளோட நுனிதான் முட்டுது. பாரமெல்லாம் அந்த நுனி மேலதான். பிசைஞ்ச மாவு மாதிரி அமுங்கிருது, திரும்ப எழும்பாது. எல்லா இடமும் ஒரே சீரா அமுங்காததால சமதளம் போயிருது, அதான் ஒட்டல. இதை அடிக்கடி ஒட்டுவீங்களா?"

ஒன்பது வருடம், வருடத்துக்கு முந்நூறு நாள், நாளுக்கு இரண்டு தடவை. ஐயாயிரத்து நானூறு. கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இன்னொரு பட்டறையில் அவனைக் கண்டுபிடித்தேன்.

"நீ இல்லப்பா. நாந்தான். சோதிச்சுச் சோதிச்சே கெடுத்திருக்கேன்."

"எத்தன தடவ?"

சொன்னேன். சிரித்துவிட்டான். "அதையும் எண்ணியாச்சா! திங்கக்கெழம வாரேன். ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கும்."

இடுப்பிலிருந்து அவிழ்க்க நேரம் பிடித்தது. கொடுத்தேன்.

திங்கட்கிழமை வந்து பெட்டியைத் திறந்து, உடனே மூடினான். "எண்பத்தேழும் இருக்கு அண்ணாச்சி."

அவன் எண்ணியதை நான் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரி" என்றேன்.