தேர்க்குதிரையின்ரை முகம்

படம் எடுக்கிற தொழிலிலை முதல் கமராப் பொத்தானை அமத்த வேணும், பிறகுதான் ஆவெண்டு வாய்பிளக்க வேணும். கமரா தூக்கித் தோள் இறங்கின சகோதரங்களே, யாழ்ப்பாணத்திலை அது லேசான காரியமோ? இஞ்சை காருக்கும் கோயிலுக்கும் தேருக்கும் முன்னாலை நிண்டால் வாய்தான் முதல் திறக்குது.

கதவிலை விழுந்த முகம்

அரியாலையிலை ஒரு ஐயாவிட்டைப் பழைய மொறிஸ் மைனர் இருக்கு. தகப்பன் வாங்கின கார், இண்டைக்கும் சந்தைக்குப் போய்வருது. படம் எடுக்க வாறனெண்டு முன்கூட்டிச் சொன்னது என்ரை பிழை. மனிசன் விடியவே தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சு வைச்சிட்டார். என்ன எழும்பின மூக்கு, என்ன வளைவு! ஆனால் எந்தப் பக்கம் போனாலும் கறுப்புக் கதவிலை நானும், பக்கத்து வீட்டுக் கொடியிலை காயிற சாரமும். "ஐயா, என்ரை முகமெல்லோ விழுகுது" எண்டன். அவர் கிட்ட வந்து உத்துப் பாத்தார்.

"ஓம் தம்பி, தலை கலைஞ்சு கிடக்கு. சீப்பாலை ஒருக்கா இழுத்துப்போட்டு எடுங்கோ."

தூணடியிலை ஒரு அக்கா

கரையோரத்து மாதா கோயில் ஒண்டு. பின்னேர வெயில் மேல் யன்னலாலை இறங்கி வெள்ளைத் தூண்களிலை படரும். பாத்தால் மூச்சு நிண்டுபோகும். கட்டடம் மட்டும் வேணுமெண்டு காத்துநிண்டன். மீன் விக்கிற அக்கா ஒராள் கூடையை வாசலிலை வைச்சிட்டு வந்து, நேரே என்ரை தூணடியிலை முழந்தாளிட்டா. வெயில் நழுவுது. மெல்லப் போய், கொஞ்சம் தள்ளி இருந்து செபிக்கிறியளோ எண்டு கேட்டன். பிறகு அவவையும் சேர்த்துத்தான் எடுத்தன். அவவாலைதான் தூணின்ரை உயரமே படத்திலை விளங்குது. தள்ளி இருக்கச் சொன்னதுக்கு அவ திரும்பியும் பாராமல் சொன்ன மறுமொழி இது.

"நான் கலியாணம் முடிச்ச நாள் துவங்கி உதிலைதான் இருக்கிறன். வேணுமெண்டால் தூணைத் தள்ளிப் பாரும்."

எடுக்காத படம்

வலிகாமத்திலை ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் புதுத்தேர். அதின்ரை முன்குதிரைகளைச் செதுக்கினது எனக்குப் பழக்கமான நாகண்ணை. தேர்த்திருவிழாவுக்குக் கொஞ்சம் முதல் அவரின்ரை தாய் மோசம்போட்டா. செத்தவீட்டுத் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கேலாது. தன்ரை குதிரை முதல்முதல் ஓடுறதைப் பாக்க மனிசனுக்குக் குடுத்துவைக்கேல்லை. "போனிலை ஆரும் எடுத்து அனுப்புவினம். எனக்கு உது வேண்டாம். வடம் இழுத்துத் தேர் அசையேக்கை குதிரையின்ரை முகம் உயிரோடை இருக்கோ, மரமா நிக்குதோ? அதை நீர்தான் எடுத்துத் தரவேணும்" எண்டு கையைப் பிடிச்சார்.

வெள்ளெனவே முன்னுக்கு இடம்பிடிச்சு நிண்டன். தேங்காய் உடைச்சினம், வடம் இறுகிச்சுது, சனம் அரோகரா எண்டுது. குதிரை ஒருக்காக் குலுங்கித் தலையை நிமித்தி என்னை நோக்கிப் பாயுது! கடவுளே, அதை மரமெண்டு ஆர் சொல்லுவினம்? மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நினைவு வரேக்கை என்ரை ரண்டு கையும் தலைக்கு மேலை கூப்பினபடி, கமரா கழுத்திலை தொங்குது, தேர் என்னைக் கடந்து போட்டுது.

பிறகு எவ்வளவோ எடுத்தன். ஆனால் அந்த முதல் அசைவு போனது போனதுதான். அவரின்ரை வீட்டு முத்தத்திலை போய் நிண்டு உள்ளதைச் சொன்னன். ஏசுவாரெண்டுதான் நினைச்சன். அவர் என்ரை முகத்தையே பாத்தார், கண் நிறைஞ்சிட்டுது.

"கமராவை விட்டிட்டுக் கும்பிட்டனீரோ தம்பி? அப்ப குதிரைக்கு உயிர் இருந்திருக்கு. எனக்கு அது காணும், வேறை படம் வேண்டாம்."

இவ்வளவு காலமா எடுத்த படங்களுக்குக் கிடைக்காத பாராட்டு எடுக்காத ஒண்டுக்குக் கிடைச்சிட்டுது சகோதரங்களே, இனி கமராவுக்கு உறை போடுறதோ விடுறதோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.