எண்ணெய் விடாத ஷட்டர்

லா ஷப்பேலில் இருக்கும் என் மரக்கறிக் கடையின் ஷட்டரில் படம் வரைய வருகிறவர் முன்பு ஹெவி மெட்டல் கிட்டார் வாசித்தவர் என்று கேள்விப்பட்டதும், வேண்டாமென்று சொல்லிவிடலாமோ என்று யோசித்தேன். மண்டையோட்டை வரைந்து வைத்தால் கத்தரிக்காய் வாங்க யார் வருவார்கள்?

ஞாயிறு காலை வந்தார். நரைத்த குடுமி, கறுப்பு டீசேர்ட், விரலுக்கு ஒரு வெள்ளி மோதிரம். தூரிகையைத் தொடுமுன் ஷட்டரை மூன்று தரம் ஏற்றி இறக்கினார். மேல்வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்க்கும் அந்தக் கடகடச் சத்தத்துக்குக் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"எண்ணெய் விடவேணும் தம்பி," என்றேன் வெட்கத்தோடு.

"ஐயோ அண்ணை, விட்டிடாதேங்கோ! இப்பிடி ஒரு சத்தத்துக்காக நாங்கள் ஸ்டூடியோவிலை எத்தினை நாள் மினைக்கெட்டனாங்கள் தெரியுமோ?"

"அப்ப ஏன் கிட்டாரை விட்டனீங்கள்?"

"ஆர் விட்டது? நாளையிலையிருந்து நீங்கள்தானே வாசிக்கப்போறியள்!"

பின்னேரம் போய்ப் பார்த்தேன். மண்டையோடு இல்லை. ஷட்டரின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஆறு முருங்கைக்காய்கள் தந்திகளாக நீண்டிருந்தன. வெண்டிக்காய் விரல்கள் கொண்ட ஒரு கை அவற்றை மீட்டிக்கொண்டிருந்தது. தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன்.

கடை திறந்தால் படம் மேலே சுருண்டுவிடும். அதனால் இப்போதெல்லாம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை ஏற்றுகிறேன். எண்ணெய் இன்னும் விடவில்லை. அவரைப் போல ஆட்டுவதற்குக் குடுமி இல்லாத வழுக்கைத் தலை என்னுடையது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு அது தன்பாட்டில் ஆடுகிறது.