கடவுச்சொல்லில் மூன்று ‘பி’

ஃபர்ஸானா என் தம்பி உசனாரின் மூத்த மகள். 1984இல் முசலியில் பிறந்தவள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரோடு துரத்தப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. கண்டக்குழியில் முகாம் கொட்டிலிலிருந்தே பள்ளிக்கூடம் போனாள். 2003இல் உயர்தரம் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி எட்டவில்லை. 2005இல் மீன்வலைக் கடை வைத்திருந்த ஹஸனை நிக்காஹ் செய்தாள். முன்பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே 2013இல் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தாள். எட்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பிரசவம், உம்மாவின் நீண்ட நோய் எல்லாம் தாண்டி, 2021இல் மிஞ்சியிருந்தது ஒரேயொரு வாய்மொழிப் பரீட்சை. அது தவறினால் பதிவு காலாவதியாகும். மறுபடி முதலாம் ஆண்டு.

அந்த வருடம் மே 4ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, ஹஸன் மாரடைப்பால் மௌத்தானார். அன்றே ஃபர்ஸானாவின் இத்தா தொடங்கியது. கணவனை இழந்தவள் பிறைக் கணக்கில் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. அவளுடைய உலகம் உள்ளறை, குசினி, கிணற்றடி என்று சுருங்கியது. ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டிருந்தார்கள்.

கொரோனாவால் பரீட்சை கணினி வழியாக நடக்கும் என்று கடிதம் வந்தது. ஜூலை 10, சனிக்கிழமை, பிற்பகல் 2.00 மணி. இத்தாவின் அறுபத்தெட்டாம் நாள்.

வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. இணையம் இருந்தது தெருவுக்கு அந்தப் பக்கம், ஹஸனின் கடையில். கண்டக்குழியில் கைபேசி இணையம் கதைக்கப் போதும். முகம் காட்டப் போதாது. ஆகவே கடையின் வைஃபையை வீட்டில் பிடிப்பதற்காக, கம்பி முளைத்த அடப்டர் ஒன்றைக் கற்பிட்டியிலிருந்து ரிப்கான் கொண்டுவந்தான். கணினி திருத்துகிறவன். நேரம் 12.40. அவன் உள்ளே போக முடியாது. நான் வாப்பாவின் அண்ணன் என்பதால் போகலாம். அவன் விறாந்தைக் கதிரையில், அவள் திரைக்குப் பின்னால், நான் நடுவில்.

“ஹாஜியார், பின்பக்க ஓட்டையில குத்தச் சொல்லுங்க.”

“பின்பக்க ஓட்டையில குத்தட்டாம்.”

“குத்திட்டன். பச்ச லைட் வருது எண்டு செல்லுங்க.”

“பச்ச லைட்.”

“எனக்குக் கேட்டுச்சு ஹாஜியார். நீங்க ரேடியோ மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்றீங்க,” என்றான் ரிப்கான். திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. ஹஸன் போன பிறகு அந்த அறையிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு நான் இடையில் புகவில்லை.

ரிப்கான் சொல்லச் சொல்ல, பென்டிரைவிலிருந்த மென்பொருளை அவளே ஏற்றினாள். பாதுகாப்பு வகை எது என்று பட்டியல் கேட்டது. அவன் சொன்னதைத் தெரிவு செய்தாள். 1.15க்குக் கடையின் பெயர் கணினித் திரையில் வந்தது. அடுத்து பாஸ்வேர்ட்.

அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. 2020 பெப்ரவரி 11இல் ஹஸன் கடைக்குக் கூப்பிட்டு, “யாருக்கும் பிடிபடாத மாதிரி ஒண்டு வச்சிருக்கன், எனக்கே மறந்திடும், நீங்க எழுதி வையுங்க” என்று சொன்னார். அவர் சொல்ல நான் குறித்தேன். குறிப்பேட்டை எடுத்து வாசித்தேன்: பி, 6, கே, பி, 4, 1, எம், பி.

“எந்தப் பி, ஹாஜியார்?” என்றான் ரிப்கான்.

“பி.”

“பஸ்ஸுக்கு வார பியா, பேப்பருக்கு வார பியா?”

நான் தமிழில் எழுதியிருந்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே பி.

“பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?”

தமிழில் அதுவும் இல்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் கணக்குப் பார்த்தேன். மூன்று பிக்கு எட்டு விதம். ஐந்து எழுத்துக்குப் பெரிது சிறிது முப்பத்திரண்டு விதம். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு. ஒரு தடவை முயல ஒன்றரை நிமிடம். ஆறு மணித்தியாலமும் இருபத்துநாலு நிமிடமும்.

ரவுட்டரை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் கம்பனி தந்த இரகசிய இலக்கம் தேவை. சனிக்கிழமை, தொலைபேசியில் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தது. உசனார் உள்ளே வந்து, “கடையப் பூட்டி எல்லாரையும் அனுப்பிட்டு, அரை மணித்தியாலம் அங்க போய் இருக்கட்டுமே” என்றான். உசனாரின் மனைவி நஃபீஸா, “தெருவில கால் வச்சா ஊர் என்ன கதைக்கும்? அவள்ட பிள்ளைகளுக்குத்தானே கேக்கும்,” என்றாள். திரைக்குப் பின்னால் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஃபர்ஸானா பெரிய எழுத்துகளில் முயன்றுகொண்டிருந்தாள்.

1.48க்குச் சத்தம் நின்றது.

“ரிப்கான் தம்பி, அவர் பெரிய எழுத்துப் போட மாட்டார். எனக்கு அனுப்பின மெசேஜ் எல்லாம் சின்ன எழுத்துத்தான். பெரிசாக்கிற பொத்தான் எங்க எண்டே தெரியாது.”

“அப்ப எட்டுத்தான் ராத்தா!”

எட்டையும் முயன்றாள். 2.00 கடந்தது. 2.05க்குப் பரீட்சை இணைப்பாளர் தொலைபேசியில் வந்தார். இரண்டரை வரை மட்டும் காத்திருப்பார்களாம். 2.06க்கு எட்டாவதும் பிழைத்தது. விறாந்தையில் ரிப்கான் எழுந்து நின்றுவிட்டான்.

“பெரியவாப்பா,” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. “அது எம் தானா?”

“எழுதியிருக்கிறது எம்.”

“கேட்டது?”

எனக்குக் கோபம் வந்தது. நாற்பத்தொரு வருடம் இறப்புப் பிறப்புப் பதிவு எழுதியவன் நான். ஒருநாளும் ஒரு எழுத்து மாறியதில்லை.

“அண்டைக்குக் கடையில என்ன சத்தம்?” என்று விடாமல் கேட்டாள்.

“யாரோ வள்ளத்து எஞ்சின் போட்டுப் பார்த்தாங்க.”

“நீங்க எங்கட குசினியில மிக்ஸி ஓடினாலே ‘ஆ?’ எண்டு கேப்பீங்க. நான் குறையாச் செல்லேல்ல, பெரியவாப்பா. எனக்கு நேரம் இல்ல.”

என் வலக்காது மந்தம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் பதிவுகளில் எங்கும் இல்லை. “‘என்’ ஆகவும் இருக்கலாம்,” என்றேன். அதைச் சொல்ல ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடமும் அவளுடையது.

‘எம்’ எழுத்தை எடுத்து ‘என்’ எழுத்தைப் போட்டு மறுபடி எட்டு. முதலாவது பிழை. இரண்டாவது பிழை. நஃபீஸா ஸலவாத் ஓதத் தொடங்கினாள். ஆறாவதை அழுத்தியபோது 2.17. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“வந்துட்டு.”

ரிப்கான் விறாந்தையில் கை தட்டினான். நஃபீஸா அவனை அதட்டினாள். 2.21க்கு அந்நியப் பெண் குரல் ஒன்று அவளுடைய பெயரையும் பரீட்சைச் சுட்டிலக்கத்தையும் கேட்டது. கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு, முன்பள்ளியில் பாடம் சொல்லும் அதே குரலில் பதில் சொன்னாள். 2.52 வரை நடந்தது.

திரையை விலக்கி உள்ளே போனேன். கணினியை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே இருந்தாள்.

“எல்லாத்துக்கும் சொன்னியா?”

“ஓம். கடைசியா, பட்டம் கிடைச்சா முதலாவதா என்ன செய்வீங்க எண்டு கேட்டாங்க.”

“என்ன சொன்னாய்?”

“‘தெருவக் கடப்பன்’ எண்டன்.”

அவர்கள் சிரித்தார்களாம். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். இத்தா முடிய இன்னும் அறுபது நாள் இருந்தது.